வழக்குப் போடுவதா, வெடிகுண்டு போடுவதா?

காஞ்சீபுரத்துக் கோயில் யானைக்கு வடகலை நாமம் சாத்துவதா, தென்கலை நாமம் சாத்துவதா என்று தகராறு கிளம்பி, அது கோர்ட்டுக் கோர்ட்டாக ஏறி, கடைசியில் சீமையிலுள்ள பிரிவி கவுன்ஸில் வரைக்கும் போய்விட்டதாம்! இந்தக் கதையைச் சொல்லாத தாத்தா தமிழ் நாட்டில் கிடையாது. கேட்டுச் சிரிக்காத பேரனும் கிடையாது. கதையில் எவ்வளவு நிஜம், எவ்வளவு சரடு என்பது அந்த யானைக்குத்தான் வெளிச்சம்.

ஆனால் தகராறு மட்டும் நிஜம். வரதராஜப் பெருமாள் சந்நிதியில் எந்த வாழ்த்துச் சுலோகத்தை முதலில் சொல்வது, கோஷ்டியில் முன் வரிசையில் யார் உட்காருவது என்பதற்காக வெள்ளைக்காரன் காலத்திலிருந்து வியாஜ்யம் நடந்து வருகிறது. 2022-ஆம் வருஷத்தில்கூட சென்னை ஹைக்கோர்ட்டு இதில் தலையிட்டு, யார் எங்கே உட்காருவது என்று சொல்ல வேண்டியிருந்தது. நடுநடுவே பெருமாள் முன்னிலையிலேயே கைகலப்பும் உண்டு. போலீஸார் வந்து விலக்கியதும் உண்டு. கொள்ளுத் தாத்தா தொடுத்த வழக்கைக் கொள்ளுப் பேரன் நடத்துகிறான். வக்கீல்களின் வீடு நிறைந்தது; ஆனால் யார் வீட்டிலும் வெடிகுண்டு விழவில்லை.

சிரித்துவிட்டுப் போக வேண்டிய விஷயம் அல்ல இது. பக்தி இருக்கிறது, வைராக்கியம் இருக்கிறது, "எங்கள் மானம் போகிறது" என்ற ஆத்திரம் இருக்கிறது. குண்டு வெடிக்க என்னென்ன சாமான்கள் வேண்டுமென்று பொதுவாகச் சொல்கிறோமோ, அவ்வளவும் இருக்கின்றன. ஆனாலும் அது வெடிக்கவில்லை. வேறு இடங்களில் வெடித்திருக்கிறது. தெய்வத்தின் பேரால் மனிதனுக்குக் கோபம் வருவது புதிதல்ல. அந்தக் கோபம் எப்போது வக்கீல் வீட்டுக்குப் போகிறது, எப்போது வெடிமருந்தைத் தேடிப் போகிறது? கேட்க வேண்டிய கேள்வி இதுதான்.

பதினொரு வாரம்

கேள்விக்குப் பதில் தேட நாம் எங்கோ அரபு தேசத்துக்குப் போக வேண்டியதில்லை. கோயமுத்தூருக்குப் போனால் போதும்.

1997-ஆம் வருஷம் நவம்பர் 29-ந் தேதி, சனிக்கிழமை. அந்த நகரத்தில் போக்குவரத்துப் போலீஸ்காரர் ஒருவரை அல்-உம்மா இயக்கத்து வாலிபர்கள் குத்திக் கொன்றார்கள். மறு நாள் நகரம் தீப்பிடித்துக் கொண்டது. ஒழுங்கைக் காக்க வேண்டிய போலீஸாரே ஆர்ப்பாட்டத்தில் இறங்கினார்கள். முஸ்லிம்களின் கடைகள் சூறையாடப்பட்டன, எரிக்கப்பட்டன. கும்பலின் கையிலும் போலீஸ் துப்பாக்கிப் பிரயோகத்திலுமாக 18 முஸ்லிம்கள் உயிரிழந்தார்கள்.

சரியாகப் பதினொரு வாரம் சென்றது. 1998-ஆம் வருஷம் பிப்ரவரி 14-ந் தேதி, அன்றும் சனிக்கிழமைதான். பார்லிமெண்டுத் தேர்தல் சமயம். ஆர். எஸ். புரத்தில் எல். கே. அத்வானி பேசுவதாக ஏற்பாடு. பிற்பகலில் ஒன்றன்பின் ஒன்றாகக் குண்டுகள் வெடித்தன. ரயில்வே ஸ்டேஷன் பக்கம் வெடித்தது, கடைத்தெருவில் வெடித்தது, காயம் பட்டவர்களைக் கொண்டு சேர்க்க வேண்டிய பெரிய ஆஸ்பத்திரி வளாகத்திலேயே வெடித்தது. 58 பேர் மாண்டார்கள். 200 பேருக்கு மேல் காயமடைந்தார்கள். அவர்களில் எத்தனை பேர் அந்த நவம்பரில் யார் கடையையாவது எரித்தவர்கள்? காய்கறி வாங்க வந்தவனுக்கும், ரயிலுக்குக் காத்திருந்தவனுக்கும், சீட்டு எழுத வந்த நோயாளிக்கும் அந்தக் கணக்கில் என்ன பங்கு?

இந்த இடத்தில் ஒரு வேடிக்கையை, அல்ல, ஒரு கொடுமையைக் கவனிக்க வேண்டும். கதையை யார் எங்கே ஆரம்பிக்கிறார்கள் என்று பாருங்கள். ஒருவர் போலீஸ்காரர் கொலையிலிருந்து ஆரம்பிப்பார். இன்னொருவர் 18 பிணங்களிலிருந்து ஆரம்பிப்பார். மற்றொருவர் 1992-ஆம் வருஷம் டிசம்பர் 6-ந் தேதி அயோத்தியில் பாபர் மசூதி இடிக்கப்பட்டதற்குப் போவார். அல்-உம்மா தோன்றியதே அதற்குப் பின்னர்தான். வேறொருவர் நானூறு, ஐந்நூறு வருஷம் பின்னால் போய் எந்த அரசன் எந்தக் கோயிலை இடித்தான் என்று ஏடு புரட்டுவார். எல்லாரும் எதிராளியின் கையிலிருந்தே கதையை ஆரம்பிக்கிறார்கள். தம் கையிலிருந்து ஆரம்பிக்கிறவரைக் காணோம்!

"அப்படியானால், அநியாயம் நடந்தது, அதனால் குண்டு வெடித்தது. அவ்வளவுதானே?" என்று நேயர்கள் கேட்கலாம். அவ்வளவு சுலபமாக இருந்தால் நல்லதுதான். கலவரத்தில் கடையை இழந்தவர்கள், உறவினரைப் பறிகொடுத்தவர்கள் கோவையில் எத்தனையோ பேர். அவர்களில் மிகப் பெரும்பாலோர் அழுதார்கள், மனுக் கொடுத்தார்கள், மறுபடியும் கடை வைத்தார்கள். குண்டு கட்டியது ஒரு சிறு கூட்டம். எனவே, அநியாயம் என்பது விறகு. விறகு தானாகப் பற்றிக்கொள்வதில்லை.

பசிதான் காரணமா?

வறுமையும் படிப்பின்மையும்தான் இதற்கெல்லாம் மூலம் என்று மேடையில் பேசுகிறவர்கள் அடிக்கடி சொல்கிறார்கள். கேட்பதற்கு நன்றாக இருக்கிறது. ஆனால் நடந்த சம்பவங்கள் ஒத்துக்கொள்ள மறுக்கின்றன.

2019-ஆம் வருஷம் ஏப்ரல் 21-ந் தேதி, ஈஸ்டர் ஞாயிறு. இலங்கையில் கொழும்பு கொச்சிக்கடை, நீர்கொழும்பு, மட்டக்களப்பு ஆகிய இடங்களில் மூன்று மாதா கோயில்களிலும், கொழும்பில் மூன்று பெரிய ஓட்டல்களிலும் மனித வெடிகுண்டுகள் வெடித்தன. 260 பேருக்கு மேல் பலியானார்கள். பூசைக்கு வந்த தமிழர்களும் சிங்களவர்களும் ஒரே பெஞ்சியில் செத்தார்கள். வெடித்தவர்களில் இருவர் அண்ணன் தம்பிகள். கொழும்பில் வாசனைச் சரக்கு வியாபாரத்தில் கொழித்த ஒரு பெரிய தனவந்தரின் பிள்ளைகள். இன்னொருவர் இங்கிலாந்திலும் ஆஸ்திரேலியாவிலும் படித்தவர். பசியா அவர்களைத் துரத்தியது?

ஜப்பானைப் பாருங்கள். 1995-ஆம் வருஷம் மார்ச் 20-ந் தேதி டோக்கியோ சுரங்க ரயில்களில் ஓம் ஷின்ரிக்யோ என்ற மதக் கூட்டத்தார் விஷ வாயுவை அவிழ்த்து விட்டார்கள். ஆயிரக்கணக்கானவர்கள் பாதிக்கப்பட்டார்கள். வாயுவைக் கொண்டு போனவர்களில் ஒருவர், இதய அறுவைச் சிகிச்சையில் பெயர் பெற்ற டாக்டர்! பல வருஷம் உயிரைக் காப்பாற்றிய கை அது.

இன்ன மதம்தான் என்றும் விரல் நீட்ட முடியாது. 1948-ஆம் வருஷம் ஜனவரி 30-ந் தேதி காந்தியடிகளைச் சுட்ட நாதுராம் கோட்ஸே இந்து. தான் செய்தது தர்மம் என்றே கோர்ட்டில் வாதாடினார். 1995-ஆம் வருஷம் நவம்பரில் இஸ்ரேல் பிரதமர் ராபினைச் சுட்டவர் யூதர். சட்டம் படித்துக்கொண்டிருந்த மாணவர். கொலையுண்ட இருவருக்கும் ஓர் ஒற்றுமை உண்டு. எதிராளியோடு சமாதானம் பேசினார்கள் என்பதுதான் இருவர் மீதும் சொல்லப்பட்ட குற்றம்.

அப்படியானால் இவர்கள் எப்படி உள்ளே போகிறார்கள்? மார்க் ஸேஜ்மன் என்ற அமெரிக்க மனோதத்துவ டாக்டர், அல்-காயிதாவோடு தொடர்புள்ள 172 பேருடைய வாழ்க்கையை ஆராய்ந்து 2004-ல் ஒரு புத்தகம் எழுதினார். அவர் கண்டது இது: மிகப் பலர் கொள்கையைப் படித்துவிட்டுச் சேரவில்லை. சிநேகிதன் சேர்ந்தான், இவனும் சேர்ந்தான். மைத்துனன் போனான், இவனும் போனான். முதலில் தோழமை, அப்புறம்தான் கொள்கை.

நம் வீட்டுப் பிள்ளைகளை வைத்துப் பார்த்தால் இது சுலபமாகப் புரியும். பதினெட்டு, இருபது பிராயத்தில் பிள்ளைக்குத் தாய் தகப்பனைவிடக் கூட்டாளி பெரிதாகத் தோன்றுகிறான். சாதாரணமாக அந்தக் கூட்டாளிகள் பத்து விதமானவர்கள். ஒருவன் சினிமாப் பைத்தியம், ஒருவன் கிரிக்கெட் பைத்தியம். ஆனால் ஒரே ஒரு விஷயத்தையே பேசுகிற ஐந்தாறு பேர் ஓர் அறையில் கூடி, மற்றச் சிநேகிதர்களை ஒவ்வொருவராகக் கழற்றிவிட்டால் என்ன ஆகும்? முதலில் அயல் மதத்தான் கெட்டவன் ஆகிறான். அடுத்தபடி, தன் மதத்திலேயே மிதமாகப் பேசுகிறவன் துரோகி ஆகிறான். கடைசியில் பெற்ற தகப்பனாரே விவரம் தெரியாதவர் ஆகிவிடுகிறார். வெளிக்காற்று வரும் ஜன்னல் ஒவ்வொன்றாகச் சாத்தப்படுகிறது. ஈஸ்டர் தாக்குதலுக்குத் தலைமை தாங்கிய காத்தான்குடி ஸஹ்ரான், முதலில் சண்டையிட்டது கிறிஸ்தவர்களோடு அல்ல. தன் ஊர் முஸ்லிம்களோடுதான்!

மதம் எதைச் சேர்க்கிறது?

"மதத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை என்று சொல்லி விடலாமா?" என்றால், அதுவும் சரியல்ல.

மறுபடியும் காஞ்சீபுரம் ஜில்லாவுக்கே வருவோம். வடகலையாரும் தென்கலையாரும் தங்கள் ஆசாரியர் என்று ஒருங்கே கொண்டாடும் ராமாநுஜர் அவதரித்த ஊர் ஸ்ரீபெரும்புதூர். அங்கேதான் 1991-ஆம் வருஷம் மே மாதம் 21-ந் தேதி இரவு, ஒரு பெண் தன் உடம்பில் கட்டிவந்த குண்டினால் ராஜீவ் காந்தி மாண்டார். அவரோடு இன்னும் பலர் மாண்டார்கள். அதைச் செய்த விடுதலைப் புலிகள் மதத்துக்காகப் போரிட்டவர்கள் அல்ல. ராபர்ட் பேப் என்ற அமெரிக்கப் பேராசிரியர், 1980-லிருந்து 2003 வரை உலகத்தில் நடந்த 315 தற்கொலைத் தாக்குதல்களைக் கணக்கெடுத்தார். தனி ஓர் இயக்கம் என்று பார்த்தால் அதிகம் செய்தவர்கள் புலிகளே, 76. ஆகவே, சாகத் துணிந்து கொல்வதற்கு மதம் இருந்தே தீர வேண்டும் என்பதில்லை.

பின்னே மதம் எதைத்தான் சேர்க்கிறது? மார்க் யூர்கன்ஸ்மையர் என்ற அறிஞர் பல மதங்களைச் சேர்ந்த தீவிரவாதிகளைச் சிறைகளிலும் வீடுகளிலும் சந்தித்துப் பேசி, 2000-ஆம் வருஷம் ஒரு விளக்கம் தந்தார். மண்ணுக்காக நடக்கும் சண்டைக்கு ஓர் எல்லை உண்டு. இத்தனை காணி உனக்கு, இத்தனை காணி எனக்கு என்று பஞ்சாயத்துப் பேசலாம். அதே சண்டையைத் தேவாசுர யுத்தமாக மாற்றிவிட்டால் பஞ்சாயத்துக்கு இடமேது? அசுரனோடு யாராவது ராஜி பேசுவார்களா? இன்று தோற்றாலும் பரவாயில்லை. ஆண்டவன் கணக்கில் யுகங்களே நாட்கள். செத்தாலும் நஷ்டமில்லை, அந்தப் பக்கம் சன்மானம் காத்திருக்கிறது. கொல்லப்படுகிறவன் காய்கறிக் கூடையோடு நின்றவன் அல்ல, அவன் "எதிரிப் படை".

அநியாயம் விறகு என்றேன். கதவடைத்த கூட்டம் அதற்கு அடுப்பு. "இது நம் தெருச் சண்டையல்ல, தெய்வத்தின் யுத்தம்" என்று சொல்கிற ஒரு தலைவன் நெருப்பு. மூன்றும் சேர்ந்தால்தான் வெடிக்கிறது. காரணத்தை அறிவதனால் குற்றம் மன்னிக்கப்பட்டு விடாது. வைத்தியர் காய்ச்சலின் காரணத்தைத் தேடுவது காய்ச்சலுக்கு வக்காலத்து வாங்குவதற்காகவா?

இப்போது காஞ்சீபுரத்து நாமத் தகராறு ஏன் வெடிக்கவில்லை என்பது கொஞ்சம் புரிகிறது. இரண்டு கட்சியாரும் ஒரே பெருமாளைச் சேவிக்கிறார்கள். எதிராளியை அசுரன் என்று சொல்லவே வழியில்லை. அதோடு, இன்று தோற்றவருக்கு நாளைக்கு அப்பீல் உண்டு. "நம் பேச்சையும் ஒருவர் கேட்டு எழுதிக்கொள்கிறார்" என்ற நம்பிக்கை இருக்கிறவரையில், மனிதன் அடுத்த வாய்தாவுக்குக் காத்திருப்பான்.

விரித்த உள்ளங்கை

இந்த நம்பிக்கை எப்படி உண்டாகிறது? காஞ்சீபுரத்திலிருந்து பஸ் ஏறித் தெற்கே உத்திரமேரூருக்குப் போனால், கல்லிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். வைகுண்டப் பெருமாள் கோயில் மண்டபச் சுவரில் முதலாம் பராந்தக சோழன் காலத்துச் சாசனங்கள் இரண்டு. 919-லும் 921-லும் வெட்டியவை. குடவோலைத் தேர்தலைப் பற்றிப் பள்ளிக்கூடத்தில் எல்லாரும் படித்திருக்கிறோம். ஊரை 30 குடும்புகளாகப் பிரித்து, ஓலையில் பேர் எழுதிக் குடத்திலிட்டு, ஒன்றும் அறியாத ஒரு சிறுவனைக் கொண்டு எடுக்கச் சொல்வார்கள்.

பாடப் புத்தகத்தில் அதிகம் பேசாத ஒரு சின்ன விவரம் அதில் இருக்கிறது. சிறுவன் எடுத்த ஓலையை வாங்கிக்கொள்கிற மத்தியஸ்தன், ஐந்து விரலையும் விரித்து உள்ளங்கையில் வாங்க வேண்டும் என்று விதி! கையைப் பொத்தி வாங்கினால் ஓலையை மாற்றிவிட்டான் என்று தோற்றவன் சந்தேகப்படுவான் அல்லவா? ஜயித்தவனுக்கு விதி எதற்கு? தோற்றவன் மனம் ஆறுவதற்குத்தான் விதி. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவன் மறுபடி நிற்க முடியாது. அவனுடைய உறவினர்களும் நிற்க முடியாது. முதலில் எழுதிய முறையில் குறை தெரிந்தபோது, இரண்டே வருஷத்தில் திருத்தி மறுபடியும் கல்லில் வெட்டினார்கள்.

புகழ்ந்துவிட்டு நிறுத்திக்கொண்டால் அது பாதி உண்மைதான். சொந்த நிலமும் வேத ஞானமும் உள்ளவனுக்குத்தான் அந்தக் குடத்தில் ஓலை. அந்த நிலத்தை உழுதவனுக்கு இல்லை, பெண்களுக்கு இல்லை. வெளியே நிறுத்தப்பட்டவனுக்கு அது வெறும் குடம். இந்த இரண்டு பாடத்தையும் சேர்த்தே உத்திரமேரூர் நமக்குச் சொல்கிறது. விரித்த கையால் நியாயம் வழங்கினால் தோற்றவனும் ஊரில் தங்குவான். "எனக்கு மட்டும் குடத்தில் ஓலை இல்லை" என்று ஒருவன் எண்ணத் தொடங்கினால், அந்த எண்ணத்தை விலைக்கு வாங்க ஒரு தலைவன் எங்கிருந்தாவது வந்து சேருவான்.

கோவை வழக்கைப் பாருங்கள். குண்டு வைத்தவர்களுக்குத் தண்டனை கிடைத்தது. 2007-ல் தனிக் கோர்ட்டு 158 பேரைக் குற்றவாளிகள் என்று தீர்த்தது. அல்-உம்மா தலைவர் பாஷாவுக்கு ஆயுள் தண்டனை. வேண்டியதுதான். ஆனால் அதே வழக்கில் கேரளத்து மதானி 9 வருஷத்துக்கு மேல் சிறையிலிருந்த பிறகு, குற்றம் நிரூபணமாகவில்லை என்று விடுதலையானார். அந்த 9 வருஷத்தை எந்தக் கோர்ட்டு திருப்பித் தரும்? இலங்கையிலோ, ஸஹ்ரானைப் பற்றிக் காத்தான்குடி முஸ்லிம்களே முன்கூட்டிப் புகார் செய்திருந்தார்கள். 2019-ஆம் வருஷம் ஏப்ரல் 4-ந் தேதி இந்தியாவிலிருந்தும் எச்சரிக்கை போயிற்று. கேட்பார் இல்லை. தடுக்கத் தவறியதற்காக முன்னாள் ஜனாதிபதி சிறிசேனா 10 கோடி ரூபாய் நஷ்டஈடு கட்ட வேண்டும் என்று 2023-ல் அந்நாட்டு உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. செத்தவர்கள் செத்தவர்கள்தான்.

அறுந்த சங்கிலி

மனத்துக்குத் தெம்பு தருகிற ஒரு சம்பவமும் உண்டு. அதுவும் கோவையில்தான்.

2022-ஆம் வருஷம் அக்டோபர் 23-ந் தேதி, தீபாவளிக்கு முதல் நாள். விடியற்காலையில் உக்கடம் கோட்டை ஈசுவரன் கோயில் முன்னால் ஒரு கார் வெடித்தது. உள்ளே காஸ் சிலிண்டர். ஆணிகளும் கோலிக் குண்டுகளும் சிதறின. காரை ஓட்டிவந்த வாலிபர் மட்டும் மாண்டார். அயல் நாட்டுத் தீவிரவாதத்தில் மயங்கியவர் அவர் என்று தேசியப் புலனாய்வு முகமையின் குற்றப் பத்திரிகை சொல்கிறது.

1997-ல் எரிந்த அதே நகரம். ஆட்கள் புதியவர்கள், ஆனால் காயம் பழையது. கையிலே செல்போன் வேறு. அந்தக் காலத்தில் வதந்திக்குக் கால்தான் இருந்தது, இப்போது இறக்கை முளைத்திருக்கிறது. மறு நாள் என்ன நடக்குமோ என்று ஊர் மூச்சைப் பிடித்துக் கொண்டிருந்தது.

ஒன்றும் நடக்கவில்லை. கடைகள் எரியவில்லை. ஜனங்கள் தீபாவளி கொண்டாடினார்கள். சில நாட்கள் சென்று, அந்த வட்டாரத்து ஜமாஅத் பெரியவர்கள் அதே கோட்டை ஈசுவரன் கோயிலுக்கு நடந்து போனார்கள். கோயிலார் அவர்களை வரவேற்றுப் பேசினார்கள். பெரிய பிரசங்கம் ஒன்றும் இல்லை. தெருவில் பக்கத்துப் பக்கத்தில் குடியிருக்கிறவர்கள், பக்கத்துப் பக்கத்தில் குடியிருக்கப் போகிறவர்கள், ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

குண்டு வைக்கிறவன் செத்துப்போகிற 50 பேரை மட்டும் குறிவைப்பதில்லை. மறு நாள் காலையில் நாம் யார் கடையை எரிக்கப் போகிறோம் என்பதையே அவன் எதிர்பார்க்கிறான். அந்தக் கலவரம்தான் அடுத்த பிள்ளையை அவன் அறைக்கு அழைத்துக்கொண்டு வரும். தீபாவளி மறு நாள் கோயமுத்தூர் கடைத்தெருவில் வழக்கம்போலக் கதவுகளைத் திறந்தவர்கள், தங்களை அறியாமலே அந்தக் கணக்கைப் பொய்யாக்கினார்கள்.